ஷேக்கர் ஹைட்ஸ் உயர்நிலைப் பள்ளி: ஒரே கூரை, தனித்தனி வகுப்புகள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லண்ட் நகரின் கிழக்கு எல்லையை ஒட்டி ஷேக்கர் ஹைட்ஸ் என்றொரு புறநகர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 29,000. ஊருக்கு ஒரே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை. நடிகர் பால் நியூமன் 1943இல் படித்து முடித்தது இங்கேதான். கார்ப் பந்தய உலகில் பெயர் பெற்ற ரோஜர் பென்ஸ்கியும் இதன் பழைய மாணவரே. கல்வித் துறையினர் இந்தப் பள்ளியைத் தேடி வருவதற்குக் காரணம் வேறு. நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாமலே வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து வாழ முயன்று, பிள்ளைகளை ஒரே பள்ளிக்கு அனுப்பிய ஊர் இது. அப்படி அனுப்பிய பிறகும் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குள்ளே பெரும்பாலும் தனித்தனி அறைகளில்தான் உட்கார்ந்தார்கள். அது எப்படி நேர்ந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்ப வருமானம், பெற்றோரின் படிப்பு, வீட்டுச் சூழல் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பத்து வயதுப் பிள்ளைகளைத் தரம் பிரித்து உட்கார வைத்த ஏற்பாடுதான் வெள்ளை, கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடையே இருந்த கல்வி வேறுபாட்டை ஆண்டுதோறும் வளர்த்துக் கெட்டியாக்கியது. பள்ளியின் கையில் இருந்த காரணமும் அது ஒன்றுதான்.

பத்திரத்தில் எழுதப்பட்ட ஊர்

ஷேக்கர் என்ற பெயர் ஒரு கிறித்தவத் துறவுக் குழுவினுடையது. திருமணத்தையும் தனிச்சொத்தையும் விலக்கிய அந்தக் குழுவினர் 1822இல் இங்கே குடியேறி, ஓடையை மறித்து அணை கட்டி, ஆலைகளை நடத்தி, ஆள் குறைந்து 1889இல் கலைந்துபோனார்கள். அவர்களுடைய ஏரிகள் இன்றும் ஊருக்குள் இருக்கின்றன.

காலியான அந்த நிலத்தை வாங்கி மனைபோட்டவர்கள் வான் ஸ்வெரிஞ்சன் சகோதரர்கள். நகரத்துப் புகையிலிருந்து தப்பிக்க நினைத்த பணக்காரர்களுக்காகத் தோட்டப் புறநகர் ஒன்றை அவர்கள் வரைபடத்திலேயே கட்டி முடித்தார்கள். அங்கிருந்து நகர மையத்துக்கு ரயில் விடப் பாதை தேவைப்பட்டது. அதற்காக 1916இல் நிக்கல் பிளேட் என்ற ரயில் கம்பெனியையே வாங்கினார்கள். 1920இல் ரயில் ஓடத் தொடங்கியது. வரைபடத்தில் ஆரம்பப் பள்ளிகளுக்கு இடம் முன்பே ஒதுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியும் ஓர் ஆரம்பப் பள்ளியைச் சுற்றி அமைந்தது. பகுதியின் பெயரும் அந்தப் பள்ளியின் பெயர்தான். லட்லோ, லோமண்ட், ஃபெர்ன்வே, மோர்லண்ட், மெர்சர், ஆனவே என்று ஒன்பது பள்ளிகள், ஒன்பது பகுதிகள். ஊர்க்காரர்கள் தங்கள் வட்டாரத்தை இன்றும் இந்தப் பெயர்களால்தான் சொல்கிறார்கள். எல்லாப் பகுதிப் பிள்ளைகளும் கடைசியில் வந்து சேரும் இடம், 1930களின் தொடக்கத்தில் செங்கல்லால் எழும்பிய உயர்நிலைப் பள்ளி.

இந்த ஊரில் மனை வாங்கியவருக்குக் கிடைத்த கிரயப் பத்திரம் ஒரு விதிப் புத்தகம்போல் இருந்தது. வீடு எந்தப் பாணியில் இருக்கலாம், தெருவிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. 1925இல் ஒரு கறுப்பின மருத்துவர் இங்கே வீடு வாங்கினார். அவருடைய குடும்பம் படாத பாடு பட்டது. அதன் பிறகு வான் ஸ்வெரிஞ்சன்களின் மனைக் கம்பெனி பத்திரங்களில் இன்னொரு விதியைச் சேர்த்தது: கம்பெனியின் ஒப்புதலோ சுற்றியுள்ள வீட்டுக்காரர்களின் ஒப்புதலோ இல்லாமல் வீட்டை விற்கக் கூடாது. அந்த விதியில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. கறுப்பினத்தவரையும், பல வேளைகளில் யூதர்களையும் கத்தோலிக்கர்களையும் வெளியே நிறுத்த அது போதுமானதாக இருந்தது. பள்ளியில் யார் படிக்கலாம் என்று யாரும் தனியாகச் சட்டம் போடவில்லை. வீட்டைக் கட்டுப்படுத்தியதும் பள்ளி தானாகக் கட்டுப்பட்டுவிட்டது.

லட்லோவில் வெடித்த குண்டு

இனத்தைக் காட்டி வீடு விற்பதைத் தடுக்கும் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த சில ஆண்டுகளில் லட்லோ பகுதியில் கறுப்பினக் குடும்பங்கள் வீடு வாங்கத் தொடங்கின. லட்லோவின் ஒரு பாதி கிளீவ்லண்ட் நகரில் இருந்தாலும் பகுதி முழுவதும் ஷேக்கர் பள்ளி மாவட்டத்துக்குள் (அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாக எல்லைக்குள்) வரும். நல்ல பள்ளிக்காகவே அந்தக் குடும்பங்கள் அங்கே வந்தன.

1956 ஜனவரியில், ஜான் பெக் என்ற கறுப்பின வழக்கறிஞர் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் குண்டு வெடித்தது. அந்தக் காலத்து அமெரிக்கப் புறநகர்களில் அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. தரகர்கள் வீடு வீடாகப் போய், விலை சரியப் போகிறது என்று வெள்ளையரைப் பயமுறுத்துவார்கள். அடிமாட்டு விலைக்கு வாங்கிய வீடுகளைக் கறுப்பினத்தவருக்கு அதிக விலைக்கு விற்பார்கள். சில ஆண்டுகளில் பகுதியே மாறிவிடும். லட்லோவில் நடந்தது வேறு. இரு தரப்பு அண்டை வீட்டாரும் ஒருவர் வீட்டுக் கூடத்தில் ஒருவர் கூடிப் பேசத் தொடங்கினார்கள். 1957இல் லட்லோ சமூகச் சங்கம் உருவானது.

சங்கத்தின் வேலை கூட்டம் போடுவதோடு நிற்கவில்லை. வங்கிக் கடன் போக மீதிக்குத் திண்டாடியவர்களுக்கு அவர்களே திரட்டிய பணத்திலிருந்து இரண்டாம் அடமானக் கடன் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கடன் வெள்ளையர் லட்லோவுக்கு வருவதற்காகக் கொடுக்கப்பட்டது. கறுப்பினத்தவர்தான் தாமாகவே வந்துகொண்டிருந்தார்களே! கணக்குப்படி பார்த்தால் இது சரியான வழி. ஆனால் வீடு தேடி வந்த ஒரு கறுப்பினக் குடும்பத்தின் இடத்தில் நின்று பாருங்கள்: பக்கத்து வீட்டுக்கு வரும் வெள்ளையருக்குச் சலுகை, உங்களுக்குத் தயக்கமான வரவேற்பு. ஷேக்கர் ஹைட்ஸின் நல்லெண்ணம் முழுவதிலும் இந்த முள் இருக்கிறது. வெள்ளையர் ஓடிவிடக் கூடாது என்ற கவலையே எந்தத் திட்டத்திலும் முன்னால் வந்து நின்றது. 1967இல் தொடங்கிய வீட்டு வசதி அலுவலகமும், இன விகிதம் சமப்படும் வகையில் வீடு வாங்குவோருக்குக் கடன் தர 1986இல் தொடங்கிய நிதியமும் இதே கணக்கில்தான் இயங்கின.

இருந்தாலும், சுற்றியிருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய காரியமல்ல. 1966இல் கிளீவ்லண்டின் ஹஃப் பகுதியில் கலவரம் வெடித்தது. 1976இல் கிளீவ்லண்ட் பள்ளிகள் இனவாரியாகப் பிரித்து நடத்தப்பட்டதாகக் கூட்டாட்சி நீதிபதி ஃபிராங்க் பாட்டிஸ்டி தீர்ப்பளித்தார். இனங்களைக் கலப்பதற்காகப் பிள்ளைகளை வேறு பகுதிப் பள்ளிகளுக்கு ஏற்றிச் செல்லும் பஸ்கள் நீதிமன்ற உத்தரவின்படி ஓடின. பல குடும்பங்கள் நகரத்தை விட்டே போயின. எல்லைக்கு இந்தப் பக்கம் அப்படியொரு வழக்கே தேவைப்படவில்லை. அதே 1970களில் கிளீவ்லண்டை ஒட்டிய சில தெருக்களின் முனையில் ஷேக்கர் ஹைட்ஸ் நகராட்சி போக்குவரத்துத் தடுப்புகளை வைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாகன நெரிசல் என்று காரணம் சொல்லப்பட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் வாழ்ந்த கறுப்பினத்தவர் அதைச் சுவராகவே பார்த்தார்கள்.

மோர்லண்ட் பஸ்

1960களின் இறுதியில் மோர்லண்ட் ஆரம்பப் பள்ளியில் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். மற்ற சில பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைக் காண்பதே அரிது. கல்விக் கண்காணிப்பாளர் ஜாக் லாசன் ஒரு திட்டம் கொண்டுவந்தார்: மோர்லண்டின் பெரிய வகுப்புக் குழந்தைகளை மற்றப் பள்ளிகளுக்கு பஸ்ஸில் அனுப்பலாம்.

எங்கள் பிள்ளைகள் மட்டும் ஏன் பஸ் ஏற வேண்டும் என்று மோர்லண்ட் பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை வந்த விதத்தில்தான் இந்த ஊரின் தனித்தன்மை இருக்கிறது. எங்கள் பிள்ளைகளை மோர்லண்டுக்கு அனுப்புகிறோம் என்று மற்றப் பகுதிகளின் வெள்ளைப் பெற்றோர் சிலர் தாங்களாகவே முன்வந்தார்கள். 1970இல் திட்டம் இருவழித் திட்டமாக மாறியது. விரும்பியவர்கள் மட்டும் சேர்ந்தார்கள்.

1987இல் மாணவர் எண்ணிக்கை குறைந்துபோனதால் நான்கு ஆரம்பப் பள்ளிகள் மூடப்பட்டன: லட்லோ, மோர்லண்ட், மால்வெர்ன், சஸ்ஸெக்ஸ். மீதமிருந்த ஐந்து பள்ளிகளின் எல்லைகளை இன விகிதம் ஓரளவு சமமாக இருக்கும்படி வரைந்தார்கள். ஐந்து, ஆறாம் வகுப்புகள் முழுவதும் உட்பரி என்ற ஒரே கட்டடத்துக்கு வந்தன. ஏழும் எட்டும் நடுநிலைப் பள்ளியில். அதன் பிறகு உயர்நிலைப் பள்ளி. மோர்லண்ட் பள்ளிக் கட்டடம் இப்போது ஊரின் பொது நூலகம்.

இந்த ஏற்பாட்டின்படி ஐந்தாம் வகுப்பிலிருந்து ஊரின் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் வருகிறார்கள். சங்கங்கள், கடன்கள், பஸ்கள் என்று முப்பது ஆண்டு பட்ட பாட்டின் பலன் இது. கல்வித் தரம் பார்த்து அவர்களைப் பிரிப்பது முறையாகத் தொடங்கியதும் அதே ஐந்தாம் வகுப்பில்தான்.

நிலைகள்

ஒரே பாடத்தை வெவ்வேறு கடினத்தில் நடத்தும் முறை அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாக உண்டு. ஷேக்கரில் அதை 'லெவல்' என்பார்கள். கல்லூரித் தரத்திலான ஏ.பி. வகுப்புகள் உச்சியில், அதற்கடுத்துச் சிறப்பு வகுப்புகள், அதற்கும் கீழே சாதாரணக் கல்லூரி ஆயத்த வகுப்புகள், அடியில் இன்னும் எளிதானவை. ஐந்தாம் வகுப்பில் மேம்பட்ட கணக்கில் இடம் கிடைத்த பிள்ளைக்கு எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா. பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ். இடம் கிடைக்காத பிள்ளை நடுவில் ஏறிக்கொள்ள முயன்றால், ஓராண்டுப் பாடத்தை எங்கோ தனியாகப் படித்து ஈடுகட்ட வேண்டியிருந்தது.

மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கறுப்பினத்தவராக இருந்த ஆண்டுகளில், உயர்நிலைப் பள்ளியின் ஏ.பி. வகுப்பில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். கீழ்நிலை வகுப்பில் பெரும்பாலும் கறுப்பினத்தவர். மணி அடித்ததும் நடைவழியில் கலந்து போகிறவர்கள் அடுத்த மணிக்கு அவரவர் அறைக்குள் பிரிந்துவிடுவார்கள். விதிப்படி எந்த வகுப்பையும் மாணவர் கேட்டுப் பெறலாம். கேட்க வேண்டும் என்பது எந்தப் பெற்றோருக்குத் தெரிந்திருந்தது, ஆசிரியரின் பரிந்துரையை மறுத்துப் பேசும் துணிவு யாருக்கு இருந்தது என்பவற்றில் விதிக்கும் நடப்புக்கும் இடையே பெரிய இடைவெளி. தன் தோழர்கள் யாருமே இல்லாத அறைக்குள் ஒற்றைக் கறுப்பின மாணவனாக நுழையப் பதினான்கு வயதில் எத்தனை பேருக்கு மனம் வரும்?

1997இல் இதை எண்களாக அச்சிட்டவர்கள் மாணவர்கள். 'தி ஷேக்கரைட்' என்ற பள்ளியின் மாணவர் பத்திரிகை, வெள்ளை மாணவர்களின் கல்வி நிலையையும் கறுப்பின மாணவர்களின் கல்வி நிலையையும் ஒப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டது. ஊரே கொந்தளித்தது. அவமானப்படுத்திவிட்டார்கள் என்று மாணவர்களும் பெற்றோரும் கோபப்பட்டார்கள். ஆனால் அதுவரை பெரியவர்கள் கூட்டங்களில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது அன்றுதான் பொதுவெளிக்கு வந்தது. பதினேழு வயதுப் பிள்ளைகள் தங்கள் பள்ளியைப் பற்றி இப்படி எழுத முடிந்ததே அந்தப் பள்ளியின் பெருமை என்பேன்.

இரண்டு ஆய்வாளர்கள், ஒரே பள்ளி

கறுப்பினப் பெற்றோர் சிலர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து ஜான் ஒக்பு என்ற மானுடவியலாளரை அழைத்தார்கள். அவர் நைஜீரியாவில் பிறந்தவர். நன்றாகப் படிப்பதை 'வெள்ளையரைப்போல் நடப்பது' என்று கறுப்பின மாணவர்கள் கருதி ஒதுங்குகிறார்கள் என்ற கருத்தை 1986இல் இன்னொருவரோடு சேர்ந்து எழுதி, பெரிய விவாதத்தைக் கிளப்பியவர். வகுப்பறைகளில் உட்கார்ந்து பார்த்து, மாணவர், பெற்றோர், ஆசிரியரோடு பேசி அவர் எழுதிய ஆய்வு 2003இல் நூலாக வந்தது. பள்ளியின் குறைகளையும் ஆசிரியர்களின் குறைந்த எதிர்பார்ப்பையும் அவர் குறிப்பிட்டார். ஆனால் அழுத்தம் முழுவதையும் சமூகத்தின் மேல் வைத்தார்: கறுப்பின மாணவர்கள் போதிய முயற்சி எடுப்பதில்லை, பெற்றோர், வசதி உள்ளவர்கள்கூட, படிப்பைப் போதிய அளவு கண்காணிப்பதில்லை. அதே ஆண்டில் அவர் காலமானார். அழைத்த பெற்றோர் பலருக்கு அந்த முடிவு கசந்தது.

ஹார்வர்டின் ரொனால்ட் பெர்குசன் அதே ஊர் மாணவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பை ஆராய்ந்து 2001இல் எழுதியது வேறொரு படம். ஒரே நிலை வகுப்பில் இருக்கும் கறுப்பின மாணவரும் வெள்ளை மாணவரும் வீட்டுப்பாடத்துக்குச் செலவிடும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கறுப்பின மாணவர்கள் முடித்துக் கொடுப்பது குறைவு. உட்காரும் நேரம் ஒன்றாக இருந்தும் வேலை முடியவில்லை என்றால், அதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. முந்தைய வகுப்புகளில் கற்றிருக்க வேண்டிய திறன் கைவசம் இல்லை என்பதே பொருள். வெளியிலிருந்து பார்க்கும் ஆசிரியருக்கு முடிக்காத நோட்டு மட்டும் தெரியும்; அதன் மேல் செலவான மாலைப்பொழுது தெரியாது.

பெர்குசன் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஒக்பு உழைப்பாளி, மனத்தில் பட்டதை மறைக்காமல் சொன்னவர். ஆனால் அவர் பார்த்த உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அதற்கு நான்கைந்து ஆண்டு முன்பே தரம் பிரிக்கப்பட்டவர்கள். மந்தமான பாடத்தை ஆண்டுக்கணக்கில் கேட்டுச் சலித்துப்போன ஒரு மாணவனின் முகத்தைப் பார்த்துவிட்டு, சலிப்பினால்தான் அவன் அந்த வகுப்புக்கு வந்தான் என்று சொல்வது காரணத்தையும் விளைவையும் தலைகீழாக வைப்பதாகும்.

மாணவர்கள் எடுத்த வழி

பள்ளி நிர்வாகம் தயங்கிய இடங்களில் மாணவர்கள் தயங்கவில்லை. 1983இல் தொடங்கிய இன உறவுக்கான மாணவர் குழு இன்றும் இயங்குகிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பயிற்சி பெற்று, குழுக்களாகச் சின்ன வகுப்புகளுக்குப் போய், யாரையும் ஒதுக்குவது, முன்முடிவோடு பார்ப்பது, இனம் என்பவை பற்றிக் குழந்தைகளோடு பேசுகிறார்கள். பெரியவர் பேசினால் அறிவுரையாகப் போய்விடும் விஷயம், ஐந்தாறு வயது மூத்த அண்ணனோ அக்காவோ பேசும்போது பேச்சாகவே இருக்கிறது.

1990இல் கறுப்பின ஆண் மாணவர்களுக்காக மேக் ஸ்காலர்ஸ் என்ற குழு தொடங்கியது. நல்ல மதிப்பெண் எடுக்கும் மூத்த மாணவர்கள், திறமை இருந்தும் பின்தங்கிய இளையவர்களைக் கூட்டி வைத்துப் பேசுவார்கள். கழுத்தில் டை கட்டி வருவது, நிமிர்ந்து நின்று அழுத்தமாகக் கைகுலுக்குவது, உறுதிமொழி சொல்வது என்று அந்தக் கூட்டங்களுக்குத் தனி மரியாதை உண்டு. படிப்பில் முதலிடத்தில் இருக்கும் கறுப்பின மாணவன் ஒருவன் கண்ணுக்கு முன்னால் நிற்கிறான். அவனைப் பள்ளியே கொண்டாடுகிறது. படிப்பை வெறுக்கும் பண்பாடு என்ற விளக்கத்துக்கு இதைவிட நேரடியான மறுப்பு இருக்க முடியாது. மற்ற ஊர்ப் பள்ளிகளும் இந்த முறையை எடுத்துக்கொண்டன. 1999இல் இதே சிக்கலைச் சந்தித்த எவன்ஸ்டன் போன்ற புறநகர்ப் பள்ளி மாவட்டங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை அமைத்தபோது ஷேக்கரும் அதில் இருந்தது.

ஆனால் இந்தக் குழுக்கள் நிலைகளுக்கு நடுவே ஏணி போட்டுக் கொடுத்தனவே தவிர, நிலைகளைத் தொடவில்லை.

வரியும் பயமும்

ஏன் தொடவில்லை? விடையில் பாதி பணம். ஒஹாயோவில் பள்ளிக்கான பணத்தில் பெரும்பங்கு உள்ளூர்ச் சொத்து வரி. மாநில நிதி முறை சொத்து வரியை அளவு மீறிச் சார்ந்திருக்கிறது, அது மாநில அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 1997இல் ஒஹாயோ உச்ச நீதிமன்றமே சொன்னது. 1976இல் வந்த ஒரு சட்டத்தின்படி, வீட்டு மதிப்பு ஏறினாலும் வாக்காளர் ஒப்புக்கொண்ட பள்ளி வரியின் மொத்த வசூல் அதனோடு சேர்ந்து ஏறாது. ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பள்ளி வாரியம் ஊராரிடம் போய்ப் புதிய வரிக்கு வாக்குக் கேட்க வேண்டும். ஷேக்கர் ஹைட்ஸின் சொத்து வரி மாநிலத்திலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று.

இதே ஊருக்குள் ஹாத்தவே பிரவுன், லாரல், யுனிவர்சிட்டி ஸ்கூல் என்ற பெயர் பெற்ற தனியார் பள்ளிகளும் இருக்கின்றன. வசதியுள்ள குடும்பம் அங்கே போய்விட்டால் பள்ளிக்கு ஒரு மாணவர் இழப்பு மட்டுமல்ல, அடுத்த வாக்கெடுப்பில் ஓர் ஆதரவும் போகலாம். ஏ.பி. வகுப்புகளும் தனித்த மேல்நிலைகளும் அந்தக் குடும்பங்களைப் பிடித்து வைக்கும் உத்தரவாதமாக இருந்தன. லட்லோவில் கடன் கொடுத்த காலத்துக் கவலை இங்கே வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்தது.

2020க்குப் பிறகு

2020 இலையுதிர்காலத்தில், டேவிட் கிளாஸ்னர் கண்காணிப்பாளராக இருந்தபோது, ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை பெரும்பாலான பாடங்களில் நிலைகள் நீக்கப்பட்டன. எல்லோருக்கும் உயர்ந்த லெவல் பாடம், ஒரே அறையில். கொரோனா காலம், பாடங்கள் கணினித் திரையில் நடந்தன. கால அட்டவணையை எப்படியும் மாற்றியாக வேண்டியிருந்ததால் பல ஆண்டு தள்ளிப்போட்ட முடிவை எடுக்க வழி பிறந்தது. ஆனால் ஆசிரியர்களுக்கு முன்தயாரிப்பு போதவில்லை. மூன்றாம் வகுப்புத் திறனோடு இருக்கும் பிள்ளையையும் எட்டாம் வகுப்புத் திறனோடு இருக்கும் பிள்ளையையும் ஒரே கணக்கு வகுப்பில் வைத்து இருவரையும் முன்னேற்றுவது தனிக் கலை. அதற்கு நேரமும் கூடுதல் ஆசிரியரும் வேண்டும். தங்கள் பிள்ளையின் வேகம் குறைகிறது என்ற பெற்றோரின் கவலையையும் பொறாமை என்றோ இனவெறி என்றோ ஒதுக்கிவிட முடியாது.

முடிவு சரி, முறை அவசரமானது என்பதே என் கருத்து. திரும்பப் பிரிப்பது இதற்கு மருந்தாகாது. பின்தங்கிய பிள்ளைக்கு உயர்ந்த லெவல் பாடத்தோடு கூடவே தினமும் இன்னொரு மணிநேரத் துணைப்பாடம் தேவை. அதற்கான செலவை வரி வாக்கெடுப்பில் வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

2020இல் ஐந்தாம் வகுப்பில் நுழைந்த பிள்ளைகள் 2028இல் பள்ளியை முடிப்பார்கள். நிலைகள் இல்லாத நடுநிலைக் கல்வியை முழுதாகப் பெற்ற முதல் அணி அது. பதினொன்றிலும் பன்னிரண்டிலும் ஏ.பி. வகுப்புகள் தொடர்வதால், அவற்றில் யார் சேர்கிறார்கள், யார் தேறுகிறார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாகப் பள்ளி வாரியமே ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 1997இல் மாணவர் பத்திரிகை செய்த வேலையை இந்த முறையும் மாணவர்களின் தலையில் விட்டுவிடக் கூடாது.